எங்கள் வீட்டில் விபத்தில்லா நாட்கள்

முதலில் ஒரு சின்ன விஷயம், மேடம். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பிளக்கில் மின்விசிறி, கணினி, தேநீர்க் கெட்டில் மூன்றையும் ஒன்றாக மாட்டியிருக்கிறார்கள். கெட்டிலையாவது கழற்றச் சொல்லுங்கள். தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வயர் இந்நேரம் சூடாகியிருக்கும்.

நன்றி. இனி நிம்மதியாகப் பேசலாம்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் கொட்டகை எப்படி வெடித்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். எதையும் மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கொட்டகையிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். அதனால் பலகையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதோ அந்தத் தம்பி எழுதிக்கொண்டிருக்கிறாரே, அவர் வேகத்துக்கே பேசுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தேன். வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு கரும்பலகை. ‘விபத்தில்லா நாட்கள்’ என்று வெள்ளைப் பெயின்டில் நிரந்தரமாக எழுதியிருக்கும். அதற்குக் கீழே எண்ணைப் பச்சை சாக்பீஸால் தினமும் காலையில் நான் மாற்றுவேன். விபத்து நடந்தால் சிவப்பில் ஒரு பூஜ்யம். பிறகு மறுபடியும் ஒன்றிலிருந்து. ஆயிரத்தைத் தொடும் கிளைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கேடயம் வரும். ஒரே ஒரு முறை நாங்கள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு வரை போனோம். அன்று காலை பதினொரு மணிக்கு, கலவைப் பிரிவில் ஓர் ஆள் மோட்டார் வயரைத் தொட்டு, போய் விழுந்தார். அவருக்கு ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. ஒரு கை மட்டும் இன்னும் சரியாக மடங்குவதில்லை என்று கேள்வி. எனக்குத்தான் பெரிய அடி. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டை அழித்துவிட்டுச் சிவப்பில் பூஜ்யம் போட்டேன். மேனேஜர் ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது. அந்த ஆள் விழுந்த இடத்திலிருந்து வாசல் கதவு பத்தடிதான். நாலு பேர் பிடித்திருந்தால் தூக்கிக்கொண்டுபோய் வெளியே படுக்க வைத்திருக்கலாம். வெளியே நடப்பது தொழிற்சாலைக் கணக்கில் வராது. அப்போது எனக்கு அனுபவம் போதவில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் அதே போல ஒரு பலகை செய்து வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருந்த ஆணியில்தான் மாட்டினேன். புது ஆணி அடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சுவருக்குள் மின் வயர் எந்தப் பக்கமாகப் போகிறது என்று தெரியாமல் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டு விபத்துகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன.

என் மனைவி பலகையைப் பார்த்தாள். கையில் இருந்த கல்யாணப் படத்தைப் பார்த்தாள்.

“இதை எடுத்துட்டு அதை மாட்டியிருக்கீங்களே, நம்ம கல்யாணத்தைத்தான் முதல் விபத்தா எழுதப் போறீங்களோ?”

“பலகை மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் மட்டும்தான்” என்றேன். தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். அவள் ஏன் படத்தைப் பரணில் தூக்கிப் போட்டாள் என்று தெரியவில்லை.

விதிகள் எளிமையானவை. சமைத்து முடித்ததும் அடுப்பின் திருகை மட்டுமல்ல, சிலிண்டரின் திருகையும் மூட வேண்டும். வாசனை வந்தால் சுவிட்ச் பக்கமே கை போகக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஜன்னலைத்தான் திறக்க வேண்டும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது. குளியலறைக்குள் வயர் எதுவும் போகக் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிவதால்தான் யாரும் செய்வதில்லை. ஆகவே தொழிற்சாலை முறை ஒன்றைக் கொண்டுவந்தேன். அடுப்பைப் பற்றவைக்கும் முன் என் மனைவி சமையலறையிலிருந்து “பற்ற வைக்கிறேன்” என்று உரக்கச் சொல்வாள். நான் கூடத்திலிருந்து “சரி” என்பேன். அணைத்ததும் “அணைத்தாச்சு” என்பாள். நான் “சரி” என்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. இந்த ஒழுங்கு அவளுக்குப் பிடித்திருந்தது என்றே நினைக்கிறேன். ஒரு முறை மட்டும், “ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கிறதுக்கு நான் கோர்ட்டுல சாட்சி சொல்ல வேண்டியிருக்கு” என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இதைத் தவிர, வாரம் இரண்டு முறை நானே சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடியும் மாட்டுவேன். செவ்வாய், சனி. சோதித்த தேதியைச் சிலிண்டரின் தோளிலேயே மஞ்சள் பெயின்டில் எழுதிவைப்பேன். எங்கள் தொழிற்சாலைப் பெயின்ட். தீயிலும் அழியாது. அந்தப் பெயின்டைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கும்.

சிலிண்டர் கொண்டுவருபவர் ஒரு முறை அந்தத் தேதிகளையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டு, “சார், இப்படிக் கழட்டிக் கழட்டி மாட்டுனா உள்ள இருக்கிற வாஷர் எத்தனை நாளைக்கு சார் தாங்கும்? சும்மா விட்டாலே அது பாட்டுக்கு நல்லா இருக்கும்” என்றார். சிரித்தேன். பயிற்சி பெறாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

வீட்டில் மூன்றாவது ஆள் என் மைத்துனன். மனைவியின் தம்பி. பத்து நாள் தங்கிப் போகிறேன் என்று வந்தான். ஆறு வருடம் ஆகிறது. அவன் பெயர் எதற்கு, தெருவே அவனை ‘பாத்துக்கலாம்’ என்றுதான் கூப்பிடுகிறது. எதைச் சொன்னாலும் அதுதான் பதில். “ஏண்டா, இஸ்திரிப் பெட்டியை அப்படியே விட்டுட்டு வந்திருக்கியே?” என்றால், “பாத்துக்கலாம் மாமா” என்பான். போனை சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவான். அவனைப் பார்க்கும்போதெல்லாம், மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்டது அவனுக்குத் தெரியப்படுத்தப்படவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது நாள் அவன் குளியலறை வாளிக்குள் ஹீட்டர் கம்பியைப் போட்டு, சுவிட்சை அணைக்காமலேயே தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தான். ஒரு சத்தம் கேட்டது. ஓடினேன். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். இதுதான் சரியான முறை, ஷாக் அடித்தவரை நேரடியாகத் தொடக் கூடாது. எங்கள் குளியலறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு, அது கொல்லைப்பக்கச் சந்துக்குத் திறக்கும். அவன் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு மல்லாக்க விழுந்திருந்தான். தலையும் உடம்பும் சந்தில். முழங்காலுக்குக் கீழே மட்டும் எங்கள் வீட்டுக்குள்.

சந்து எங்களுடையது அல்ல, மேடம். அது பொதுச் சொத்து.

நான் அவன் அக்குளில் கைகொடுத்து இரண்டடி வெளியே இழுத்தேன். கால்கள் படியைத் தாண்டி வந்தன. ஒரு செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது, அதையும் எடுத்து வெளியே வைத்தேன். மூச்சு இருக்கிறதா என்று அதற்குப் பிறகு பார்த்தேன். இருந்தது. கண்ணைத் திறந்து, “தண்ணி சுட்டுருச்சு மாமா” என்றான்.

மறுநாள் பலகையில் இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. வேண்டுமானால் சந்தின் வரைபடம் தருகிறேன்.

அறுநூற்றுப் பதினொன்றாவது நாள் நடந்ததைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மனைவி அதை ஏற்கெனவே சொல்லியிருப்பாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. அவள் ஒரு துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பற்றவைத்தாள். “பற்ற வைக்கிறேன்” என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கூடத்திலிருந்தே, கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்துவை என்று சொல்லியிருப்பேன். வெளியேறியிருந்த வாயு குப்பென்று பிடித்தது, துணி எரிந்தது, அவளுடைய முன்கையும் கொஞ்சம். நான் கம்பளியோடு உள்ளே நுழைந்தபோது அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்திருந்தாள். அதுவும் சரியான முறைதான். அதை அப்போதே பாராட்டினேன்.

பிறகு ஒரு தாளை எடுத்துவந்தேன். தொழிற்சாலையில் இதற்கென்று ஒரு படிவம் உண்டு. ‘இந்தக் காயம் பணியின்போது ஏற்பட்டதல்ல’ என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. வீட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதியிருந்தேன்.

“கையெழுத்தா?” என்றாள். “எந்தக் கையில போடறது?”

“இடது கை போதும்.”

“அடுப்பங்கரையில அடுப்பு முன்னாடி நின்னு சுட்டுக்கிட்டேன். இது விபத்து இல்லையா?”

“இது பால் பொங்கியதால் வந்தது. எரிவாயுவால் வந்தது இல்லை.”

“அடுப்புல பின்ன என்ன எரியுது, நிலா வெளிச்சமா?”

அவள் நன்றாகப் பேசுவாள். ஆனால் கையெழுத்துப் போட்டாள். மருத்துவமனையில் எங்கே சுட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டபோது, பக்கத்து வீட்டில் என்று சொன்னாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். அன்றுதான், மேடம், பக்கத்து வீடு எனக்கு முதல்முதலாக உபயோகப்பட்டது.

இப்போது தையல்காரம்மாவைப் பற்றி. அவரைப் பற்றி நான் ஒரு கெட்ட வார்த்தை சொல்ல மாட்டேன். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். தனியாகவே உழைத்து, ஒரு மிஷினில் ஆரம்பித்து மூன்று மிஷினுக்கு வந்தவர். எங்கள் இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவு வழியாக என் மனைவியும் அவரும் தக்காளியும் வம்பும் பரிமாறிக்கொள்வார்கள். அவர் வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை. காலையில் வீட்டுக்குள் தைப்பார், பன்னிரண்டு மணிக்குக் கொட்டகைக்கு வந்து தைத்த துணிகளை இஸ்திரி போடுவார். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. எங்கள் தெருவில் கடிகாரம் பார்க்காதவர்கள் அவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் கொட்டகை. இஸ்திரிப் பெட்டியின் பிளக் எப்போதோ உடைந்துவிட்டது. அவர் புதுப் பிளக் வாங்கவில்லை. இரண்டு வயரின் நுனியையும் சீவி, சுவர்த் துளைகளில் நேராகச் செருகி, விழாமல் இருக்க இரண்டு தீக்குச்சிகளை இடுக்கி வைத்திருந்தார். சுவிட்ச் போடும்போதெல்லாம் பொறி பறக்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோதே கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, இது என்ன?”

“அதுவா அண்ணே? அது இருபது வருஷமா அப்படித்தான் ஓடுது. தீக்குச்சி மட்டும் மாசத்துக்கு ஒரு தடவ மாத்துவேன்.”

“மின்சாரத்துக்குப் பக்கத்தில் தீக்குச்சியா?”

“பத்த வைக்கலையே அண்ணே, செருகித்தானே வச்சிருக்கேன்” என்று சிரித்தார். என்னை அவர் ‘சேஃப்டி அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு முறை என் சட்டைக்கு இலவசமாகப் பொத்தான் தைத்துக் கொடுத்தார்.

நானே ஒரு பிளக் வாங்கி மாட்டிக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஐந்து நிமிட வேலை. உண்மைதான். ஆனால் அது என் பலகையின் எல்லைக்குள் இல்லை. எல்லைகளை மதிக்காவிட்டால் பாதுகாப்பு என்பதே கிடையாது. மேலும், இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், அந்தக் கொட்டகையைப் பார்க்கும்போது எனக்கு ஒருவித ஆறுதல் வரும். தெருவில் என்றாவது ஒரு விபத்து நடந்தே தீர வேண்டும் என்றால், அது எங்கே நடந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

எண்ணூறு தாண்டியதும் எனக்குத் தூக்கம் குறைந்தது. தொள்ளாயிரம் தாண்டியதும் பழைய மேனேஜருக்குப் போன் செய்தேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆயிரமாவது நாள் வீட்டுக்கு வந்து ஒரு கேடயம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கேடயத்தை நானே செய்யக் கொடுத்துவிட்டேன், அவர் வந்து கையில் கொடுத்தால் போதும் என்றேன். வருகிறேன் என்றார். முப்பத்தொரு வருடத்தில் அவர் எனக்குக் கொடுத்த முதல் ‘சரி’ அது.

தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டாவது நாள் செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணி. ஆமாம், அதே எண், அதே மணி. வழக்கம்போல ரெகுலேட்டரைக் கழற்றினேன். வாஷர் இரண்டாகக் கிழிந்து என் விரலோடு வந்தது. ரெகுலேட்டரை மறுபடி மாட்டித் திருகை மூடினேன், மூடிய பிறகும் உஸ்ஸென்று ஒரு மெல்லிய சத்தம். பிறகு அந்த வாசனை. அதைக் கழற்றிவிட்டு, சிலிண்டர் வாயில் போடும் பிளாஸ்டிக் மூடியை அழுத்திப் பார்த்தேன். அதன் விளிம்பும் என் சோதனைகளில் தேய்ந்துபோயிருந்தது. நிற்கவில்லை.

பயப்படவில்லை. பயிற்சி இருந்தது. ஜன்னல்களைத் திறந்தேன். சுவிட்ச் எதையும் தொடவில்லை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். மைத்துனன் எங்கள் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான். அடுத்த விதி என்ன? சிலிண்டரை வீட்டை விட்டு வெளியே எடுத்துச் சென்று அவசர எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. போன் செய்தால் அவர்கள் புகார் எண் ஒன்று கொடுப்பார்கள். எண் கொடுத்துவிட்டால் அது பதிவு. பதிவானது நடந்ததாகிவிடும். ஆகவே போன் செய்யவில்லை.

வெளியே எங்கே வைப்பது? முன்வாசல் எங்கள் சுற்றுச்சுவருக்குள் வருகிறது, அது வீடு. தெருவில் வைத்தால் போகிற வருகிறவர்களுக்கு ஆபத்து, அது சட்டப்படி குற்றம். சந்தில் நாய்கள் உருட்டிவிடும். விதிப்புத்தகத்தில் ‘வீட்டிலிருந்து அப்பால்’ என்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து அப்பால், ஆனால் பொது இடமும் அல்லாத இடம், நான் எவ்வளவு யோசித்தும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சிலிண்டரைப் படுக்கவைத்து உருட்டக் கூடாது. நான் உருட்டவில்லை. அடியில் சக்கரம் வைத்த தாங்கியில் நிமிர்ந்த நிலையிலேயே தள்ளிக்கொண்டு போனேன். சுவர்க் கதவைத் திறந்தேன். கொட்டகைக்குள், துணி மேஜைக்கு அடியில், நிழலான இடத்தில் வைத்தேன். வெயிலில் வைக்கக் கூடாது என்பதும் விதி. ‘கசிவு. நெருங்காதீர்’ என்று சிவப்பு அட்டை ஒன்றும் கட்டினேன். அட்டை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது உண்மைதான். தாங்கியின் ஒரு சக்கரம் சரியில்லை, வேறு பக்கமாக வைத்தால் ஆடியது. ஆடும் சிலிண்டர் ஆபத்தானது. வரும்போது கொட்டகைக் கதவையும் சாத்தினேன். கதவைத் திறந்து போட்டுவிட்டு வருவது நல்ல பழக்கம் இல்லை.

அப்போது மணி பதினொன்று இருபது.

ஆமாம், அவர் பன்னிரண்டு மணிக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். ஜலதோஷத்தில் ஒரு வாரமாக அவருக்கு வாசனையே தெரியவில்லை என்பதும் தெரியும். நாற்பது நிமிடம் இருந்தது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு தடவை கதவு வரை போனேன். மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஏதோ பள்ளிக்கூடத்துக்கு இருநூறு சீருடை ஒப்புக்கொண்டிருந்தார், அதனால் வேகமாகத் தைத்துக்கொண்டிருந்தார். வேலையில் இருப்பவரைத் திடீரென்று கூப்பிட்டால் ஊசி விரலில் ஏறிவிடும். அது ஒன்று. இன்னொன்று, சொன்னால் அவர் என்ன செய்வார்? “ஐயோ அண்ணே, இத எடுத்துட்டுப் போங்க” என்பார். எடுத்துக்கொண்டு மறுபடியும் எங்கே போவது?

கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் இருக்கும்.

சத்தம் நான் நினைத்ததைவிடக் குறைவுதான். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. என் பலகை ஆணியில் ஒரு முறை ஆடி, நின்றது. கொட்டகையின் கூரைத் தகரம் ஒன்று மட்டும் சுவரைத் தாண்டிப் பறந்துவந்து, எங்கள் மொட்டை மாடியில் படுத்திருந்தவனின் கணுக்காலில் விழுந்தது. அவன் போட்ட கூச்சலில்தான் தெருவே திரண்டது. அதைப் பற்றியும் யோசித்துவிட்டேன், மேடம். தகரம் மின்சாரம் அல்ல, எரிவாயுவும் அல்ல. வானத்திலிருந்து வந்து விழுவதெல்லாம் புயல், மழை மாதிரி இயற்கைக் கணக்கு.

நான்தான் முதலில் சுவர்க் கதவைத் தாண்டி ஓடினேன். நான்தான் அவரை வெளியே தூக்கி வந்தேன். ஈரத் துணியைச் சுற்றியதும், ஆம்புலன்சைக் கூப்பிட்டதும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அவருக்குப் புருவம் இரண்டும் போய்விட்டது, அது வளர்ந்துவிடும். வலது கைதான் கொஞ்சம் அதிகம். விரல்களைத் தனித்தனியாகக் கட்டியிருக்கிறார்கள். மூன்று மாதம் ஊசியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சீருடைகள் வேறு ஒருவருக்குப் போய்விட்டன.

கடையிலிருந்து திரும்பிய என் மனைவி சமையலறைக்குள் போனாள். உடனே வெளியே வந்தாள்.

“சிலிண்டர் எங்கே?”

“பத்திரமான இடத்தில் இருக்கிறது.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் புகையைப் பார்த்தாள். அன்று முழுவதும் “பற்ற வைக்கிறேன்” என்ற குரலே கேட்கவில்லை. பற்றவைக்க எதுவும் இல்லை என்பதும் உண்மை.

மறுநாள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்று எழுதிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். நான் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் காதில் இன்னும் விசில் சத்தம் கேட்கிறது என்றார். என்னைப் பார்த்ததும் அழுதார்.

“நீங்க எத்தனை தடவ சொன்னீங்க அண்ணே. நான்தான் கேக்கல. அந்தத் தீக்குச்சிதான் என் கைய வாங்கிருச்சு. உங்க வீட்டுப் பக்கம் எதுவும் ஆகலையே? தம்பிக்குக் கால்ல அடின்னு சொன்னாங்க, என்னாலதான… அண்ணி என்னைத் திட்டுனாங்களா?”

“அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்றேன். “இனிமேலாவது கவனமாக இருங்கள்.”

கையோடு ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுபோயிருந்தேன். ‘வீட்டில் மின்சாரம்: பத்து விதிகள்’. நான் தொழிற்சாலையில் இருந்தபோது அச்சிட்டது. அவரால் பிடிக்க முடியவில்லை. அதனால் நானே பிடித்துக்கொண்டு, பக்கத்தை நானே திருப்பிக் காட்டினேன். ஆறாவது விதி உடைந்த பிளக்குகளைப் பற்றியது. அதை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். அவர் இரண்டு முறையும் படித்தார்.

இன்று ஆயிரமாவது நாள். காலை ஆறு மணிக்கே எழுதிவிட்டேன். நாலு இலக்கத்துக்குப் பலகையில் இடம் போதுமா என்று மூன்று வருடமாகக் கவலைப்பட்டிருக்கிறேன். போதுமானதாக இருந்தது. மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். பக்கத்து வீட்டுக் கருகிய சுவரைப் பார்த்து, “என்ன, இங்க ஏதோ நடந்த மாதிரி இருக்கே?” என்றார். “அது அந்தப் பக்கம், சார்” என்றேன். பலகைக்கு முன்னால் நிறுத்திக் கேடயத்தைக் கொடுத்தார். புகைப்படம் எடுக்கும்போது மட்டும் மைத்துனனைக் கட்டுப்போட்ட காலோடு சமையலறையில் உட்காரச் சொன்னேன். “பாத்துக்கலாம் மாமா” என்று நொண்டிக்கொண்டு போனான். மேனேஜர் என் கையைக் குலுக்கினார். “அன்னைக்கு நம்ம ஃபேக்டரியிலயும் நீங்க இப்படி இருந்திருக்கலாம்” என்றார். என் கண் கலங்கியது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். உங்கள் கையில் அந்தச் சிலிண்டரின் படம் இருந்தது. எல்லாம் கருகியிருந்தது, தோளில் மஞ்சள் எழுத்து மட்டும் அன்றைக்கு எழுதியது போல இருந்தது. வரிசையாகப் பத்துப் பதினைந்து தேதிகள், எல்லாம் செவ்வாயும் சனியும். மேனேஜரே குனிந்து பார்த்து, “அட, நம்ம பெயின்ட்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இது யாருடையது என்று நீங்கள் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள்.

“எங்களுது. அவர் கையெழுத்து. அவர் உருட்ட மாட்டாரு, தள்ளிக்கிட்டுத்தான் போயிருப்பாரு. தரையில சக்கரத் தடம் இருக்கும், பாருங்க.”

எவ்வளவு துல்லியமாகச் சொன்னாள் பாருங்கள். மூன்று வருடப் பயிற்சி. பிறகு அவள் ரவிக்கையின் முழுக்கையை மேலே சுருட்டிக்கொண்டாள். முன்கையில் அந்தப் பழைய தழும்பு தெரிந்தது. அடுப்புத் துணியை எடுத்துவந்து ஆயிரத்தை ஒரே இழுப்பில் அழித்தாள். சிவப்பு சாக்பீஸால் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.

“ஆயிரம் நாளா இது ஒண்ணுதான் இங்க எழுத வேண்டியிருந்துச்சு” என்றாள்.

அது முறைப்படி தவறு. பூஜ்யம் என்பது விபத்து நடந்த அன்று போடுவது. முந்தாநாள் நடந்ததற்கு இன்று இரண்டு என்றுதான் வரும், அதுவும் அது எங்கள் வீட்டில் நடந்திருந்தால். ஆனால் வாதாட நேரமில்லை. உங்கள் வண்டி காத்திருந்தது.

இவ்வளவுதான், மேடம். சிலிண்டரை நான்தான் வைத்தேன். அவர் எப்போது வருவார் என்று தெரிந்தே வைத்தேன். தீக்குச்சி, பொறி, எல்லாம் தெரிந்துதான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். கையெழுத்து விஷயத்தில் நான் கறாரானவன், ஆனால் பிடிவாதக்காரன் இல்லை. உங்கள் காவலர் கெட்டிலை மறுபடியும் அதே இடத்தில் மாட்டிவிட்டார். பரவாயில்லை, விடுங்கள். இது உங்கள் கட்டடம்.

ஒரே ஒரு வேண்டுகோள். எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டிவரும் என்று தெரியவில்லை. ஆனால் நான் இல்லாத ஒவ்வொரு நாளும் அந்த வீட்டில் எதுவும் நடக்காது. அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. தினமும் காலையில் யாரையாவது விட்டு அந்த எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பச்சை சாக்பீஸ் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அந்த நாட்களையும் நான் காப்பாற்றிக் கொடுத்தவை என்றுதான் எழுத வேண்டும்.